கைகோக்காமல் பார்த்த சோதனை

பனியையே பார்க்காதவர்களுக்கு ஒரு பனிக் கதை சொல்லப் போகிறேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் எடுத்த அனுபவம் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த வருஷம், எந்த ஊர் என்று மட்டும் குடையாதீர்கள்.

உலக நாடுகள் எல்லாம் கூடிய குளிர்காலப் பெரும் போட்டி அது. பெண்களின் பனிச்சறுக்குத் தொடர் பந்தயம். நாட்டுக்கு நான்கு பேர், ஒருத்தி வந்து தொட்டதும் அடுத்தவள் கிளம்ப வேண்டும். ஸ்வீடன் அணியில் கடைசியாகப் போக வேண்டியவள் டூவா. முப்பத்திரண்டு வயசு. வெண்கலம் மூன்று வாங்கியிருக்கிறாள், தங்கம் ஒன்றுகூட இல்லை. இந்தப் பந்தயத்தோடு விளையாட்டை விடுவதாகச் சொல்லியும் விட்டாள். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

பனிச்சறுக்கில் வீராங்கனையின் கால் பாதி, காலில் மாட்டும் நீளப் பலகை பாதி. பலகையின் அடியில் பூசிய மெழுகு அன்றைய பனிக்கு ஒத்துவரவில்லையென்றால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியும் திண்டாட வேண்டியதுதான். அதனால் சோதித்துச் சொல்ல ஒவ்வோர் அணியிலும் ஆட்கள் உண்டு. டூவாவுக்கு ஒன்பது வருஷமாக அதைச் செய்தவர்கள் ஒரு தம்பதி, டோர்ஸ்டனும் பிர்கிட்டாவும். இருவருக்கும் அறுபது நெருங்குகிறது. அவர்கள் ஊரில் பெரியவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், டூவா கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

சோதிக்கும் முறை இருக்கிறதே, அது ஒரு அழகு! ஆளுக்கொரு ஜோடிப் பலகையை மாட்டிக்கொண்டு, மேட்டின் உச்சியில் கைகோத்து நிற்பார்கள். கோத்தபடியே சரிவில் இறங்கி, நடுவில் நட்ட கொடியருகே கையை விடுவார்கள். அதற்கப்புறம் யார் முந்துகிறாரோ அவர் போட்டிருப்பதே நல்ல பலகை. கை கோப்பது எதற்கு? இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வந்தால்தானே ஒப்பிட முடியும்! கொஞ்சம் காதலும் இருந்திருக்கலாம், நமக்கெதற்கு அது. அப்படிச் சோதித்துச் சொல்லிவிட்டால், வீராங்கனை மறுபேச்சுப் பேச மாட்டாள். அதுதான் அவர்கள் வழக்கம்.

பந்தயத்தன்று காலைச் சாப்பாட்டில் வந்தது வினை.

“நான் பின்னிக் கொடுத்த கையுறை எங்க?” என்றார் பிர்கிட்டா.

“கொடுத்துட்டேன். நார்வே அணியில மெழுகு பூசுற ஆளுக்கு. பாவம், விரலெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு.”

“போயும் போயும் நார்வேக்காரனுக்கா! ரெண்டு மாசம் உக்காந்து பின்னினேன் நான்!”

பனி விஷயத்தில் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் இருப்பது பங்காளி உறவு. தாராளமாகச் சோறு போடுவார்கள், வரப்பில் ஒரு அங்குலம் விட மாட்டார்கள். அதனால் சண்டை பெருத்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இருவரும் மேட்டுக்குப் போனார்கள். கையை நீட்ட இருவருக்கும் மனசு வரவில்லை. டோர்ஸ்டன் கோபத்தில் கையிலிருந்த சறுக்குக் கோலைப் பனியில் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளிக் கிளம்பினார். பிர்கிட்டா பின்னாலேயே இறங்கினார். டோர்ஸ்டன் முந்தினார். அவர் போட்டிருந்தது சிவப்புப் பலகை, பிர்கிட்டா போட்டிருந்தது நீலம். “சிவப்பு” என்று டூவாவிடம் கொடுத்தார்கள். அவளும் சரியென்று வாங்கிக்கொண்டாள்.

பந்தயம் தொடங்கியது. மூன்றாவது ஸ்வீடன் பெண்ணும் நார்வேக்காரியும் தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தபோதுதான் பிர்கிட்டாவுக்குச் சுருக்கென்றது.

“நாம கை கோக்கல, டோர்ஸ்டன்.”

“தெரியும்.”

“நீ தள்ளிக்கிட்டுக் கிளம்பின. எது நல்ல பலகைன்னு நமக்கே தெரியாது. அவகிட்ட சொல்லணும்.”

“இப்பவா? மறுபடி சோதிக்க நேரமில்ல. மனசுல சந்தேகத்த வச்சுக்கிட்டு எவ ஓடுவா? பேசாம இரு.”

பிர்கிட்டா பேசாமல் இருக்கவில்லை. நீலப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விழுந்தடித்து ஓடி, மூச்சு வாங்க டூவாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். “எது வேணும்னு நீயே சொல்லும்மா.”

டூவா சிரித்தாள். “தெரியும், பிர்கிட்டா. காலையில உடம்பச் சூடேத்திக்க அந்தப் பக்கம் வந்தேன். நீங்க தனித்தனியா இறங்கினதப் பாத்தேன்.”

“பாத்துட்டுமா வாங்கின?”

“ஒன்பது வருஷமா நீங்க கொடுத்தத வாங்கித்தானே பழக்கம்? வந்து சொன்னீங்களே, அது போதும்.” பிர்கிட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சிவப்போடேயே போனாள்.

போனாள் என்றால் அப்படி ஒரு போக்கு! கடைசி வளைவு வரைக்கும் அவள்தான் முன்னால். ஆனால் முடிவுக் கோட்டை முதலில் தொட்டவள் நார்வேக்காரி. ஒரு முழம்கூட வித்தியாசமில்லை. டூவாவுக்கு வெள்ளி. நீலத்தை மாட்டியிருந்தால் தங்கமா, நாலாவது இடமா, அது யாருக்கும் தெரியாது. மூவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

இப்போது உங்கள் முறை. அவள் மனசு கலங்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டார் டோர்ஸ்டன். கலங்கினாலும் பரவாயில்லையென்று சொல்லிவிட்டார் பிர்கிட்டா. எல்லாம் தெரிந்தும் நம்பி வாங்கிக்கொண்டாள் டூவா. மூவரும் அன்பால்தான் செய்தார்கள். ஆனால் இதில் யார் செய்தது சரி? அடுத்த வரிக்குத் தாவாமல் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

விடை: பிர்கிட்டா. டூவா ஒன்பது வருஷமாக நம்பியது சோதனையை. டோர்ஸ்டன் வெறும் ஊகத்தைக் கொடுத்துவிட்டு, அதைச் சோதனை என்றே அவள் நினைக்கட்டும் என்று விட்டார், அவள் பார்த்தது அவருக்குத் தெரியாதே. சந்தேகம் காலைப் பிடித்து இழுக்கும்தான், ஆனாலும் ஓடப் போகிறவளிடமிருந்து அதை ஒளிக்க யாருக்கும் உரிமையில்லை. டூவாவைக் கொண்டாட எனக்கும் ஆசைதான், மனசு கேட்கவில்லை. அவள் தனியாக ஓடவில்லை, மூன்று பெண்களின் உழைப்பும் அவளை நம்பி இருந்தது. காலையில் அவள் பார்த்தபோது நேரமும் இருந்தது. அங்கேயே நின்று, “ரெண்டு பேரும் கையப் பிடிங்க!” என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் பலகையும் தெரிந்திருக்கும், சண்டையும் தீர்ந்திருக்கும். ஒன்பது வருஷம் செல்லமாக இருந்தவளுக்கு அந்த உரிமைகூடவா இல்லை?