ஆறாம் படியில் தங்கப்பழம்

பித்தளைக்குறிச்சி மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர்கள் நான்கு பேர். இருப்பது என்னவோ ஒருவருக்கான வேலைதான். ஆனால் ஒருவர் செய்ததைச் சரிசெய்ய இன்னொருவர் வேண்டியிருந்தது, அவர் செய்ததைச் சரிசெய்ய மூன்றாமவர், அப்படியே நான்காகிவிட்டது. தங்கப்பழம், இசக்கி, சொரிமுத்து, அருளப்பன். நால்வருக்கும் காது கூர்மை. கேட்டதை ஒரு சொல் சிந்தாமல் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்டதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

அந்த ஆவணியில் தங்கப்பழத்துக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பேச்சியம்மாளை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எவ்வளவு என்றால், மறுநாள் ஆய்வகத்தில் ஏழு சோதனைக்குழாய்கள் உடைந்தன. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் அவள் அவனைவிட இரண்டு விரற்கடை உயரம். பெண்ணின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமை மறுபடி வாருங்கள், இருவரையும் சுவரோடு நிறுத்தி அளப்பேன், மாப்பிள்ளை உயரமாக இருந்தால் தாம்பூலம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து அறையில் ஜெபமலர் மிஸ் பதினொன்றாம் வகுப்புக்குத் தனிம அட்டவணை நடத்திக்கொண்டிருந்தார். குடுவை கழுவிக்கொண்டிருந்த நால்வரும் கேட்டார்கள். உலகத்தில் உள்ளதெல்லாம் இந்தத் தனிமங்களால் ஆனதுதான், நீங்களும் நானும்கூட என்றார் மிஸ். பிறகு, இந்த அட்டவணையில் இடமிருந்து வலம் போகப் போக அணு சிறுக்கும், மேலிருந்து கீழே போகப் போகப் பெருக்கும் என்றார்.

தங்கப்பழம் கையிலிருந்த குடுவையை மேசைமேல் வைத்தான். மேசை கொஞ்சம் தள்ளி இருந்தது.

"அப்போ இடது பக்கம் கீழ் மூலையில போயி இருந்தா நான் வளந்திருவேனா?" என்று கேட்டான்.

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பள்ளி வாசலில் நின்று பார்த்தால் இடது கோடியில் தண்ணீர் வற்றிய கிணறு ஒன்று உண்டு. இறங்குவதற்கு இடுப்புயரப் படிகள். எண்ணிப் பார்த்தார்கள், ஏழு. அட்டவணையிலும் ஏழு வரிசை. அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் அவன் சுதாரிப்பானவன்.

"ஏழாம் படி வேண்டாம் வே. அது பிரான்சியம். இருபத்திரண்டு நிமிசத்துல பாதி காணாமப் போயிரும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"எந்தப் பாதி?" என்றான் இசக்கி.

"அத மிஸ் சொல்லல."

"கல்யாணம் ஆகப்போற ஆளு. ஆறாம் படியோட நிறுத்திக்கிடுவோம்," என்றான் சொரிமுத்து.

ஆறாவது வரிசையில் சீசியம். அந்தக் குடும்பம் முழுக்கத் தண்ணீர் பட்டால் வெடிக்கும் குணம். அதே குடும்பத்துச் சோடியத்தை மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருப்பதை இவர்களே தினமும் பார்க்கிறார்கள். ஆகவே தங்கப்பழத்தின் சட்டையைக் கழற்றி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மண்ணெண்ணெய் தேய்த்து ஆறாம் படியில் உட்காரவைத்தார்கள். குளியல் கிடையாது. தாகம் என்றான். மோர் கொடுக்கலாமா, மோரில் தண்ணீர் உண்டா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கெட்டித் தயிராகக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை வகுப்பில் இன்னொரு சங்கதி வந்தது. கீழே போகப் போக, ஆக வெளியே இருக்கும் எலக்ட்ரானை அணு சுலபமாக விட்டுக்கொடுத்துவிடுமாம். சொரிமுத்து கிணற்றுக்கு ஓடிவந்தான்.

"உம்மகிட்ட ஆக வெளியில இருக்கது எது வே?"

தங்கப்பழம் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "வேட்டிதான்."

கேட்டவுடன் அவிழ்த்துக் கொடுத்தான். இவ்வளவு சுலபமாகக் கொடுத்ததே குணம் இறங்கிவிட்டதற்கு அடையாளம் என்று மூவரும் பூரித்துப்போனார்கள்.

வியாழன் மாலை கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அடியில், கோவணத்தோடு, ஒரு முழ உயரத்தில் தங்கப்பழம் தெரிந்தான்.

"சுருங்கிட்டான்," என்றான் இசக்கி மெதுவாக. ஆனால் கிணற்றில் மெதுவாகச் சொன்னாலும் கேட்கும்.

பாவம், தங்கப்பழம் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். பேச்சி இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம், ஏழாம் படிக்கு இறங்கிவிடுகிறேன் என்றான். அருளப்பன்தான் தடுத்தான். எலக்ட்ரானை இழந்தால் அணு சுருங்கும், வாங்கினால் பெருக்கும் என்று மிஸ் அன்றைக்குத்தான் நடத்தியிருந்தார். வேட்டியை வாங்கியது தங்கள் தப்பு என்று மூவரும் ஒத்துக்கொண்டு, அவனுடையதைத் திருப்பிக் கொடுத்ததோடு, தங்கள் வேட்டிகளையும் அவிழ்த்துக் கொடுத்தார்கள். நான்கு வேட்டியில் இரண்டுதான் இடுப்பில் நின்றது. மற்ற இரண்டையும் தலையில் சுற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கோலத்திலேயே பெண் வீட்டுக்குப் போனார்கள். மற்ற மூவருக்கும் இடுப்பில் துண்டு. வாசலில் ஆரத்தி எடுக்க வந்த பேச்சியின் அம்மா, மண்ணெண்ணெய் வாடை வந்ததும் கற்பூரத்தை அவசரமாக அணைத்தாள். பிறகு சுவரோடு நிறுத்தினாள். தலைப்பாகை பேச்சியின் தலையைத் தாண்டி அரை முழம் நின்றது. அதை அவிழ்க்கச் சொல்லலாமா என்று அவள் தயங்கினாள்.

"அவரு தலையில இருக்கது அவரு உசரந்தானம்மா," என்றாள் பேச்சி. "சுவத்துல கோட்டப் போடு."

அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்தும் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அதில் நாம் சொல்ல என்ன இருக்கிறது.

கல்யாணத்தில் தாலி கட்டும் வரை பேச்சி அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நால்வருக்கும் நிம்மதி. வலப்பக்கம் இருந்தால் சிறுப்பாள். தாலி ஏறியதும், பெண் இடப்பக்கம் மாறி உட்காரட்டும் என்றார் நடத்திவைத்தவர். அது அந்த ஊர் வழக்கம். இடப்பக்கம் போனால் பெருத்துவிடுவாளே! அவள் மாறி உட்கார்ந்த மறுகணம் தங்கப்பழம் எழுந்து அவளுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தான். அவள் மாறினாள். அவனும் மாறினான். இப்படியே மணமேடையின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள், அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர் படத்தை எடுத்துவிட்டார்.

படம் வந்தது. நடுவில் பேச்சி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வலது ஓரத்தில் ஒரு முழங்கை. அதுதான் மாப்பிள்ளை.

"வலது ஓரத்துல போயி நின்னிருக்கான்," என்றான் அருளப்பன் துக்கத்தோடு. "முழங்கையளவு சுருங்கிட்டான் பாத்தியா."

மூவருமாக அந்தப் படத்துக்கு மண்ணெண்ணெய் தடவி, கிணற்றில் ஆறாம் படியின் இடது மூலையில் சாய்த்து வைத்தார்கள். தினமும் காலையில் போய்ப் பார்க்கிறார்கள். இன்னும் தோள் வரவில்லை.