கீரி நெட்டுருப் போட்ட இருபது நகர்த்தல்கள்

கீரிக்கும் உடும்புக்கும் ஒரே புற்றின் மேல் கண். மழைக்காலம் நெருங்கிவிட்டது. அந்த முள்காட்டில் வெள்ளம் ஏறாத மேட்டுப் புற்று அது ஒன்றுதான். கீரி வீட்டிலோ கண் திறக்காத மூன்று குட்டிகள்!

இடத்துக்காக யாரும் கடித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். பாறையில் கட்டம் கிழித்துச் சதுரங்கம் ஆட வேண்டும். ஜெயித்தவருக்குப் புற்று.

கீரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊர்ப் பூங்காவில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடியதை வேலியிடுக்கில் நின்று பார்த்து, முதல் இருபது நகர்த்தல்களை நெட்டுருப் போட்டு வந்த மேதாவி அல்லவா அது!

“முதலில் ராஜாவின் சிப்பாய்! பிறகு குதிரை! பிறகு மந்திரி! நாலாவது, குதிரை மறுபடி பாயும்! ஐந்தாவது, சிப்பாயால் சிப்பாயை வெட்டு!” என்று நாள் முழுக்க ஒப்பித்தது.

“நாலாவதாக அந்தக் குதிரை எதுக்குங்க அங்கே பாயுது?” என்று கேட்டது பெண் கீரி.

“பெரியவங்க பாய்ச்சினாங்க, நானும் பாய்ச்சுறேன்! உனக்கென்ன தெரியும்?”

ஆட்டம் தொடங்கியது. கீரி மூன்று காய்களை மளமளவென்று வைத்தது. உடும்பு மூன்றாவதாக மந்திரியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தியது. பூங்காவில் மூன்றாவதாக எதிராளியின் குதிரையல்லவா வந்தது! கீரி அதைக் கவனித்தால்தானே? நெஞ்சை நிமிர்த்திக் குதிரையைப் பாய்ச்சியது.

உடும்பின் மந்திரி அதை அலுங்காமல் வெட்டியது.

“அநியாயம்! மூணாவதா நீ உன் குதிரையை வெளியே கொண்டுவந்திருக்கணும்!” என்று கத்தியது கீரி.

“கொண்டுவந்திருந்தால் என் ராணிக்கும் மந்திரிக்கும் வழி மறைந்திருக்கும், நீயும் தைரியமாகப் பாயலாம். நான்தான் கொண்டுவரவே இல்லையே! மந்திரி முறைத்துக்கொண்டு நிற்பது தெரியவில்லையா? ம், அடுத்தது ஆடு!”

ஐந்தாவது, சிப்பாயால் சிப்பாயை வெட்டு! கீரி கட்டங்களை மேலும் கீழும் பார்த்தது. வெட்டுவதற்கு அங்கே சிப்பாயே இல்லை. மீதிப் பதினைந்தும் வாயில் இருந்தன, ஒன்றுகூட உதவவில்லை. கைக்கு வந்ததை நகர்த்தி, யானையைப் பறிகொடுத்து, ராணியையும் பறிகொடுத்து, கடைசியில் ராஜாவும் மாட்டியது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, பெண் கீரி வெள்ளத்தில் புதர் புதராக இடம் தேடி அலைந்தது. கீரியோ பின்னாலேயே புலம்பிக்கொண்டு போனது: “அந்த உடும்புக்கு ஆடவே தெரியலை!”

காரணம் புரியாமல் நெட்டுருப் போட்டவனின் வித்தையெல்லாம் எதிராளி அதே பாடத்தைப் படித்திருக்கும் வரைதான்.