சுழியத்தை உதிர்த்த அணில்

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் பேசித் திரிந்தபோது, காட்டுக்கும் ஒரு தரவுத்தளம் இருந்தது. பெருவெள்ளத்தில் தாயைப் பிரிந்த குட்டிகளை மூடிய கூடைகளில் இட்டு, ஒவ்வொன்றின்மேலும் ஓர் அடையாளம் எழுதி, ஆற்றுநடுப் பாறையில் அகரவரிசைபோல் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். வடகரைக் குட்டி ‘52’ என்றால், தென்கரைக் குட்டி ‘052’. பார்வைக்கு எண்போல் இருந்தாலும் அவை எழுத்துகளே. கேட்பவருக்குத் தேடித் தருவது அணிலின் வேலை.

நீர் ஏறிக்கொண்டிருந்தது. வடகரை மான் ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“தம்பி, என் குட்டி ஐம்பத்திரண்டு. முன்னால் சுழியம் கிடையாது. கரை சேர்க்கும் ஆமை அண்ணனுக்கு இதுதான் கடைசி நடை.”

அணிலின் வால் ஒரு நொடியும் ஓயவில்லை. “சுழியம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அக்கா? அதற்கென்று ஒரு மதிப்பா இருக்கிறது?”

“எழுதியிருப்பதை அப்படியே பார்த்துத் தேடு.”

“எண்ணாக்கிப் பார்த்தால்தான் எனக்கு ஓடும்.”

எழுத்தாகவே தேடியிருந்தால், வரிசையைப் பிடித்து நேரே அந்தக் கூடைக்குப் போயிருக்கலாம். எண்ணாக மாற்றிக்கொண்டதால், முதல் கூடையிலிருந்து ஒவ்வோர் அடையாளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி ஓட நேர்ந்தது. ‘052’ வந்தது. யாரையும் கேளாமல் அணில் சுழியத்தை உதிர்த்தது. “இதோ ஐம்பத்திரண்டு” என்று கூடையை ஆமையின் முதுகில் ஏற்றியது.

நடு ஆற்றில் மான் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு முயல்குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. பாறையிலிருந்து அவள் குட்டியின் குரல் கேட்டது.

“அண்ணே, திருப்புங்கள்.”

“இந்த இழுப்பில் திரும்ப முடியாதம்மா.”

அவள் குதித்துவிட்டாள்.

பாறையை எட்டினாள் என்பது இக்கதையின் ஒரு பாடம். எட்டவில்லை என்பது மறுபாடம். அணில் நீரைப் பார்த்துச் சொன்னது மட்டும் எல்லாப் பாடங்களிலும் ஒன்றே: “இனி நானாக எதையும் மாற்றமாட்டேன்.”

அந்நாள் தொட்டுத்தான், எழுத்தையும் எண்ணையும் அருகருகே வைத்து இரண்டும் ஒன்றா என்று கேட்டால், கண்டிப்பான தரவுத்தளங்கள், “எதை எதுவாக மாற்றுவது? நீங்களே சொல்லுங்கள்” என்று நின்றுவிடுகின்றன. அணிலின் சொல் எட்டாத சில மட்டும், யாரையும் கேளாமல், இன்றும் சுழியங்களை உதிர்த்துக்கொண்டே ஓடுகின்றன.