துப்பாக்கிக்குக் காவல்

"குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிட்டுக் கும்பிடுங்க" என்றார் பூரணி அம்மாள்.

பொன்னுரங்கம் பதறிப்போய், தோளில் தொங்கிய துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் தள்ளினார். பிறகு கும்பிட்டார். மலையில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர், அறுபத்தைந்து வயது. அவர் குருவாக நினைத்த அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர்.

"மதுரைல மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கும்மா. நாளைக்குப் பேர் வைக்கிறாங்க. தாத்தாதான் காதுல சொல்லணும். என்னால போக முடியல."

"ஏன்?"

"இதைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? எவனாவது திருடிட்டா?"

"இதை எதுக்கு வாங்கினீங்க?"

"திருட்டு பயத்துக்கு."

அம்மாள் கூரையைப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கம்மா. பக்கத்துத் தோட்டத்துல புகுந்து பெரியவர் மண்டையை உடைச்சானுங்க. போலீஸ் மலையேறி வர ஒரு மணி நேரம். திருடன் நடந்தே வந்துடுவான்."

"நான் சிரிக்கல. நீங்க சொல்றது நியாயம்தான். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டுப் போகலாமே? தேர்தலுக்குக் கொடுத்தீங்கல்ல?"

"அப்ப எல்லாரும் கொடுத்தோம். யார்கிட்டயும் இல்ல. நிம்மதியாத் தூங்கினேன். இப்ப நான் மட்டும் கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"என்னன்னு?"

"என்கிட்ட இல்லன்னு."

"நீங்கதான் மதுரைல இருப்பீங்களே."

"வீடு இங்கதானேம்மா இருக்கும்."

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ராத்திரி நீங்க வெச்சிருங்க."

"யாராவது வந்தா சுடணுமா?"

"ஐயையோ! லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. நீங்க தொடவே கூடாது."

"அப்புறம் என்ன செய்ய?"

"கத்துங்க."

"அதுக்குத் துப்பாக்கி வேணுமா?"

அவர் யோசித்தார். "வேணும்னா துணைக்கு நானும் இங்கயே படுத்துக்கறேன்."

அம்மாள் எழுந்தார். கொடியில் கிடந்த புடவையை மடித்துத் துணிப்பையில் வைத்தார். செருப்பைத் தேடினார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"மதுரைக்கு. நீங்க இதுக்குக் காவல் இருங்க. குழந்தைகிட்ட யாராவது ஒருத்தர் போகணும்ல. என்ன பேரு?"

"காதுல சொல்ற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதும்மா."

"சரி. என் காதுல சொல்லுங்க. நான் கொண்டுபோய் அவ காதுல சொல்லிடறேன்."

அம்மாள் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்.

பொன்னுரங்கம் குனிந்தார். துப்பாக்கி சரிந்து இருவருக்கும் நடுவில் வந்தது. தள்ளிவிட்டு மறுபடி குனிந்தார். மறுபடி வந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

"சொல்லுங்க. பஸ் போயிடும்."

"அவ கேக்கறது உங்க குரலா இருக்குமேம்மா."

"ஆமா. என்கிட்ட வேற குரல் இல்ல."

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

அவர் நிமிர்ந்தார். "இந்த பஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்குமா?"

"கை காட்டினா நிக்கும். கண்டக்டர் சத்தம் போடுவார்."

பொன்னுரங்கம் ஓடினார். அந்த வயதில், அந்தச் சரிவில், அந்தச் சுமையோடு அப்படி ஓடியிருக்கக் கூடாது. டீக்கடையில் யாரோ, "துப்பாக்கியத் தூக்கிட்டு யாரை விரட்டறீங்கய்யா?" என்று கேட்டது மேலே வரை கேட்டது.

"ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன்டா! பேத்தியப் பாக்கப் போறேன்! வீட்ல ஒண்ணும் இல்ல!" என்று அவர் கத்தியதும் கேட்டது.

பஸ் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு கிளம்பிப் போனது.

அம்மாள் பையிலிருந்த புடவையை எடுத்துக் கொடியில் போட்டார். உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.