தாமரை போட்ட கைப்பிடி

சைனம்புவுக்கு இடது முழங்கால் கன்றிப்போயிற்று. காரணம், குமுதினி செய்த நாற்காலி.

சைனம்பு தையல்காரி. ஒரு காலால் மிஷினை மிதிப்பாள். மற்றதை மடக்கி உட்காருவாள். பட்டறை ஆட்கள் நாற்காலிக்கு அளவெடுக்கப் போனபோது மட்டும் போட்டோவுக்கு உட்கார்கிற மாதிரி இரண்டு காலையும் தொங்கப்போட்டிருந்தாள். வந்தவர்கள் முன்னால் கால் மடக்க வெட்கம். கன்றியதையும் வெளியே சொல்லவில்லை.

தச்சுப் பட்டறை ஆசானுக்கு இரண்டு சீடர்கள். குமுதினி, வேதமுத்து. ஆளுக்கொரு நாற்காலி செய்தார்கள். சைனம்பு குமுதினியுடையதை எடுத்துக்கொண்டாள். அதன் கைப்பிடிகளில் தாமரை செதுக்கியிருந்தது. பார்த்தவன் எல்லாம் தடவிப் பார்த்தான். வேதமுத்துவின் நாற்காலியில் இப்போது பூனை தூங்குகிறது.

செய்தவர் பேரை நாற்காலிக்கு அடியில் சூட்டுக்கோலால் எழுதுவது பட்டறை வழக்கம். பழுதாகித் திரும்பி வந்தால், அதைச் சரிசெய்தவர் பேர். இந்த நாற்காலியில் கடைசியாக யார் பேர் நிற்கிறதோ, தையற்கூடத்து நாற்காலிகள் முழுவதற்கும் அவர்தான் மாதிரி சொல்ல வேண்டும் என்று ஆசான் முன்பே சொல்லிவிட்டார்.

இரண்டாம் பூச்சு வார்னிஷுக்காக நாற்காலி பட்டறைக்கு வந்தது. வேதமுத்து இடது கைப்பிடியை அடியில் பாதி அறுத்தான். மெழுகு வைத்து மூடினான். இடது பக்கத் தாமரைதான் கூடுதல் அழகு.

ஒரு வாரம் கழித்து சைனம்பு வந்தாள். தலையில் நாற்காலி. கையில் ஒடிந்த தாமரை.

"கைப்பிடி ஒடிஞ்சு விழப் பாத்தேன் ஆசானே."

வேதமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ஆனா இப்பத்தான் நிம்மதி. காலை மடக்க இடம் கிடைச்சுது. முட்டு இடிக்கல. குமுதினி, உன் யோசனைதானே? நல்லா இருப்பே."

வேதமுத்துவின் முகம் கறுத்தது.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"அடக்கத்தைப் பாரேன்!"

"அவ இல்ல!" வேதமுத்து கத்தினான். "அறுத்தது நான்!"

ஆசான் ஒடிந்த கைப்பிடியைப் புரட்டிப் பார்த்தார். பாதி ரம்பம், பாதி பிளவு.

"எதுக்குலே அறுத்தே?"

வேதமுத்து தரையில் கிடந்த மரத்தூளைக் காலால் கிளறினான்.

"ஒன்னத்தான் கேக்கேன்."

"இவ பேரு கெடணும்னு."

ஆசான் அடுப்பிலிருந்து சூட்டுக்கோலை எடுத்து நீட்டினார்.

"சரி பண்ணின ஆளு பேரை எழுது."

வேதமுத்து நாற்காலியைக் கவிழ்த்தான். அடியில் குமுதினியின் பேர். அதன் பக்கத்தில் இடம் இருந்தது. கோலைக் கொண்டுபோனவன் நிறுத்திவிட்டான்.

"என் பேரைப் போட முடியாது ஆசானே. நான் அக்கா காலைப் பாக்கல. தாமரையைத்தான் பாத்தேன்."

"நானும் அதைத்தான் பாத்தேன்," என்றாள் குமுதினி.

"ஒடிஞ்சதை மூலையில வீசாம, அதுல காலை மடக்கிப் பாத்தது யாருலே?" என்றார் ஆசான்.

வேதமுத்து கோலைத் தூக்கிப் பிடித்தபடி ஆசானைப் பார்த்தான்.

"கோல் ஆறுது. எழுது. சைனம்பு."