உலை கொதிக்கையில் போட்ட இலை

வால்பாறை மலைத் தோட்டத்து மேனேஜர் ரங்கபாஷ்யம் போக்கர் ஆடினால் பந்தயம் என்னவோ புளியங்கொட்டைதான். பேச்சுதான் லட்சத்துக்கு இருக்கும். "கையில சீட்டு இல்லாம மிரட்டறவனை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சிடுவேன்" என்பார்.

அவருடைய சமையல்காரன் செல்லையா, அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று லீவு கேட்டான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா?

"ஒரே ஆட்டம். ஜெயிச்சா ஊருக்குப் போ, தோத்தா அடுப்பைப் பாரு" என்றார் மேனேஜர்.

மேனேஜரிடம் இரண்டு ராணி. செல்லையாவுக்கு இதயம் போட்ட சிவப்புச் சீட்டு, நாலு ஆட்டின் சேர்ந்திருந்தது. ஐந்தாவது ஆட்டின் வந்தால் ராணிகளை அடித்துவிடலாம், வராவிட்டால் வெறுங்கை. ஏழு சீட்டில் இன்னும் ஒரே ஒரு சீட்டு திரும்ப வேண்டியிருந்தது. அதற்கு முன்பே செல்லையா தன் கொட்டை அத்தனையையும் நிதானமாக நடுவில் தள்ளினான். மேனேஜரும் அதற்கு ஈடு கட்ட வேண்டும், இல்லையென்றால் தோற்றதாக ஒப்புக்கொண்டு விலக வேண்டும்.

மேனேஜர் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். காற்றில்லாத குளம் மாதிரி கிடந்தது.

"அஞ்சும் சேர்ந்துடுச்சு உனக்கு" என்று ராணிகளைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டார்.

செல்லையா சீட்டைக் காட்டினான். மேனேஜர் துள்ளி எழுந்தார். "படவா, நாலுதானேடா இருக்கு! பொய் சொன்ன மூஞ்சியாவே தெரியலையே!"

"பொய்யா இருந்தாத்தானேங்க ஐயா தெரியும்? உலை கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, இலையைப் போட்டேன். கடைசிச் சீட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தா சோறு வந்தாலும் வந்திருக்கும். நீங்கதான் இலையைப் பார்த்ததுமே ஏப்பம் விட்டு எழுந்துட்டீங்க."