கறக்க மறந்தவர்

மௌனசாமி என்று ஊரார் மடத்துச் சாமிக்குப் பெயர் வைத்தது, வக்கீல் தெய்வசிகாமணி சீடராக வந்து சேருவதற்கு முன்னால். அதற்கப்புறம் சாமிக்கு வாயை மூட நேரம் கிடைக்கவில்லை. சீடர் குருவைவிட மூத்தவர். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டு, புரட்டிப் போட்டுக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அன்று சாயங்காலம் சாமி பால்செம்போடு மடத்துத் தொழுவத்துக்குக் கிளம்பினார். பின்னாலேயே வக்கீலும் கிளம்பினார்.

“சாமி, டோலஸ்னு லத்தீன்ல ஒரு சொல் இருக்குதுங்க.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“வேணும்னே செய்யற வஞ்சனைன்னு அர்த்தம். நாளைக்கு நம்ம வழக்கே அதுலதான் நிக்குது.”

சாமி பெருமூச்சு விட்டார். இந்த வழக்கைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவர் காது புளித்திருந்தது.

செல்லப்பன் என்பவன் சந்தையில் ஒரு பசுவை விற்றான். மடி குடம்போல இருந்தது. பால் ஊற்றிப் பிழைக்கலாம் என்று பாவாயி, புருஷனை இழந்தவள், காதில் கிடந்ததைக் கழற்றி விற்று அதை வாங்கிப் போனாள். மறுநாள் முதல் பசு அரைச் செம்புக்கு மேல் கறக்கவில்லை. விற்பதற்கு முந்தின நாள் முழுக்கக் கறக்காமல் விட்டதில் பெருத்த மடி அது. பசுவைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவள் வழக்குப் போட்டிருந்தாள். செல்லப்பனுக்கு வக்கீல், நம் சீடர்.

“என் கட்சிக்காரர் ஒரு பொய்கூடச் சொல்லலீங்க. எவ்வளவு கறக்கும்னு அந்தம்மா கேட்டுச்சு. மடியைப் பாத்துக்கம்மான்னார். அவ்வளவுதான்.”

“முந்தின நாள் ஏன் கறக்கல?”

“மறந்துட்டாருங்க. மறதி டோலஸ் ஆகாது. மனசறிஞ்சு செஞ்சாத்தான் ஆகும். மனசுக்குள்ள எந்தக் கோர்ட்டு எட்டிப் பாக்கும்?”

“அப்ப ஜெயிச்சுருவீங்க.”

“ஜெயிச்சுருவேனுங்க.”

“பின்னே இங்க வந்து எதுக்கு என் உசிரை வாங்கறீங்க?”

வக்கீல் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “தூக்கம் வரமாட்டேங்குது சாமி.”

சாமி அவரை ஒருமுறை பார்த்தார். செம்பைக் கவிழ்த்து வைத்தார். வைக்கோல் கட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“கறக்கலீங்களா?”

“மறந்துட்டேன்.”

வக்கீலுக்குப் புரியவில்லை. ஆனாலும் வாதத்தை விடவில்லை. “டோலஸ்ல ரெண்டு அம்சமுங்க…” என்று ஆரம்பித்தார். பசு கன்றைப் பார்த்துக் கத்தியது. முளையில் கட்டியிருந்த கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு பதில் கத்தியது. வக்கீல் குரலை உயர்த்தினார். பசு அவருக்கு மேல் உயர்த்தியது. கன்றும் சளைக்கவில்லை. இரண்டாவது அம்சம் என்னவென்று கடைசிவரை யாருக்கும் கேட்கவில்லை.

“சாமி, கறந்துருங்க.”

“எதை?”

“பாலைத்தானுங்க.”

“பாருங்க, மறுபடியும் மறந்துட்டேன்.”

வக்கீல் காதைப் பொத்திக்கொண்டார். “இந்தக் கத்தலுக்கு நடுவுல ஒரு மனுசனுக்கு எப்படீங்க மறக்கும்?”

“உங்க செல்லப்பனுக்கு மறந்துச்சே.”

“அவருக்குச் சத்தமே கேட்டிருக்காதுங்க. பசுவை ஆத்தோரத் தோட்டத்துல கட்டிட்டாரு. கன்னுக்குட்டியை முந்தின நாளே மச்சான் ஊட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து நேரா சந்தைக்கு ஓட்டிட்டு வரச்சொல்லி…”

பொத்தியிருந்த காதிலிருந்து வக்கீல் கையை எடுத்தார்.

சாமி எழுந்துபோய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அது பாய்ந்துபோய் மடியை முட்டியது. தொழுவம் அடங்கியது.

“கன்னுக்குட்டி மச்சான் ஊட்டுக்கு எதுக்குப் போச்சுங்க, வக்கீலய்யா? விருந்துக்கா?”